மூன்றாவது வரிசை, வலது பக்கம்

என் மேசை இழுப்பறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடக்கிறது. 1999-இல் தூத்துக்குடியில் நான் பாடம் நடத்திய கணினிப் பயிற்சி மையத்தில் படித்த பெண் ஒருத்தி, படிப்பு முடிந்து போகும்போது விட்டுப்போனது. முதல் பக்கத்தில், ப்ரோகிராம் எழுதும் மென்பொருளான விஷுவல் பேசிக் 6-இன் திரையை நீலப் பேனாவால் வரைந்திருக்கிறாள். ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்திருக்கிறாள். இடது ஓரத்தில் டூல்பாக்ஸ். நடுவில் புள்ளி புள்ளியாக ஃபார்ம். வலது பக்கம் மேலே ப்ராஜெக்ட், அதற்குக் கீழே ப்ராப்பர்ட்டீஸ், அடியில் குட்டி டிவி மாதிரி ஃபார்ம் லேஅவுட். டூல்பாக்ஸைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஓரத்தில் தமிழில் குறித்திருக்கிறாள்: “2 வலது – எழுதுற பெட்டி. 3 வலது – பட்டன். 7 இடது – கடிகாரம்.”

அவள் எழுதியது அத்தனையும் சரி. விஷுவல் பேசிக் 6-இன் டூல்பாக்ஸில் படங்கள் இரண்டிரண்டாக அடுக்கப்பட்டிருக்கும். இரண்டாவது வரிசையில் வலது பக்கம் டெக்ஸ்ட்பாக்ஸ். மூன்றாவதில் வலது பக்கம் கமாண்ட் பட்டன். ஏழாவதில் இடது பக்கம் கடிகாரப் படம் போட்ட டைமர். பெயர் எதுவும் எழுதியிருக்காது, படம் மட்டும்தான். மையத்தில் இருந்த எல்லாக் கணினிகளிலும் அது அங்கேதான் இருந்தது. நான்கு வருடம் அது நகரவே இல்லை.

அந்தக் காலத்தில் எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் வழியில் படித்தவர்கள். துறைமுகத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவர்களின் பிள்ளைகள், தெரேஸ்புரம் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகள். ப்ளஸ் டூ முடித்துவிட்டு ஆறு மாத டிப்ளமாவுக்கு வருவார்கள். ஆங்கிலம் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். ஆனால் ‘எக்சிக்யூட்’ என்ற சொல்லைப் பார்த்ததும் அதன் பொருள் மனதில் விரியாது. அதனால் அவர்கள் திரையை வாசிக்கவில்லை. சொந்த ஊரைத் தெரிந்துவைத்திருப்பதுபோல் அதைத் தெரிந்துவைத்துக்கொண்டார்கள். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீட்டுக்குப் போக யாருக்குப் பெயர்ப்பலகை வேண்டும்? கால் தானாகத் திரும்பும். அவர்களுக்கு மவுஸ் அப்படித் திரும்பியது.

நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். “மேல மூணாவது மெனுவைத் திற, கீழே இருந்து ரெண்டாவது” என்றுதான் வகுப்பில் பேசுவேன். பெயரைச் சொன்னால் ஐந்து பேர் போய்ச்சேர்வார்கள், இடத்தைச் சொன்னால் இருபது பேரும் போய்ச்சேர்வார்கள். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. ஆங்கிலம் தெரியாத பிள்ளையும் ஒரே மாதத்தில் மளிகைக் கடைக்கு பில் போடும் ப்ரோகிராம் எழுதிவிடும். அதற்கு முன் டர்போ சி நடத்தியபோது அந்த நீலத் திரையில் என்ன நடக்கிறது என்று புரியவைக்கவே ஒரு மாதம் ஆகும். கன்ட்ரோல் எஃப் 9 அழுத்தினால் ஓடும், ஆனால் விடையைப் பார்க்க ஆல்ட் எஃப் 5 அழுத்த வேண்டும். விஷுவல் பேசிக்கில் பட்டனை எடுத்து ஃபார்மில் வரைந்தால் பட்டன் அங்கேயே தெரியும். 1991-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே அதன் அடிப்படை அதுதான்: முதலில் கண்ணால் பார், பிறகு எழுது. ஆலன் கூப்பர் என்ற வடிவமைப்பாளர் செய்துகாட்டிய மாதிரியிலிருந்து வளர்ந்தது அது. எங்கள் பிள்ளைகளுக்கு அது கதவைத் திறந்துவிட்டது என்றுதான் சொல்வேன்.

விஷுவல் பேசிக் 6-க்கு அடுத்ததாக விஷுவல் ஸ்டூடியோ டாட் நெட் 2002 பிப்ரவரியில் வெளிவந்தது. எங்கள் மையத்துக்கு வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கணினிகளுக்கு மெமரி கூட்டி, சிடிக்களை ஒவ்வொன்றாகப் போட்டு ஏற்றி முடிக்க இரண்டு நாள் பிடித்தது. திங்கட்கிழமை காலை, ஏற்கெனவே மூன்று மாதம் விஷுவல் பேசிக் 6 படித்திருந்த வகுப்பைப் புதிய திரைக்கு முன்னால் உட்காரவைத்தேன்.

முதல் கேள்வியே, “டூல்பாக்ஸைக் காணல மிஸ்.”

இடது ஓரத்தில் சின்னதாக ஒரு பட்டை மட்டும் நின்றது. அதன்மேல் மவுஸைக் கொண்டுபோனால் டூல்பாக்ஸ் வெளியே நீண்டு வந்து ஃபார்மின் பாதியை மறைத்தது. மவுஸை நகர்த்தினால் திரும்ப உள்ளே போய்விட்டது. அதை நிறுத்திவைக்க மேல் மூலையில் குண்டூசி மாதிரி ஒரு படம் உண்டு, அதை அழுத்த வேண்டும். இது எனக்கே பத்து நிமிடம் கழித்துத்தான் பிடிபட்டது. அன்று முழுக்க வகுப்பில் “குண்டூசியைக் குத்து, குண்டூசியைக் குத்து” என்ற சத்தம்தான்.

நிறுத்திவைத்த பிறகும் சிக்கல் தீரவில்லை. இரண்டிரண்டு படங்களாக இருந்தவை போய், படமும் பெயரும் சேர்ந்த நீண்ட பட்டியல் ஒன்று வந்திருந்தது. மூன்றாவது வரிசை வலது பக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை. கமாண்ட் பட்டன் வெறும் பட்டன் ஆகியிருந்தது. ஆப்ஷன் பட்டன் ரேடியோ பட்டன் ஆகியிருந்தது. ஃப்ரேம் குரூப்பாக்ஸ் ஆகியிருந்தது. ஆங்கிலம் வாசித்துப் பொருள் கொள்கிறவனுக்கு இந்தப் பட்டியல் நல்லது, பெயரையே எழுதிவைத்திருக்கிறார்கள். இடத்தை வைத்துப் பழகியவனுக்கோ தெருவே மாறிப்போனது.

கொஞ்ச நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து நின்றான். “மிஸ், கடிகாரம் கீழ விழுந்துட்டு.” போய்ப் பார்த்தேன். பழையதில் டைமரை எடுத்தால் ஃபார்மின் மேலேயே ஒரு கடிகாரப் படமாக உட்காரும். புதியதில் கண்ணுக்குத் தெரியாத உறுப்புகளுக்கென்று ஃபார்முக்கு அடியில் ஒரு தனித் தட்டு வைத்திருந்தார்கள். டைமர் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. யோசித்தால் இது சரியான ஏற்பாடு. ஓடும்போது திரையில் தெரியாத பொருளை ஃபார்மில் ஏன் வைக்க வேண்டும்? ஆனால் அந்தப் பையன் அதைத் தன் தவறு என்று நினைத்துவிட்டான். எதையோ கெடுத்துவிட்டோம் என்ற பயம் அவன் முகத்தில் தெரிந்தது. அந்த முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. மென்பொருள் மாறும்போது அதை இடத்தால் அறிந்தவர்கள் முதலில் சந்தேகப்படுவது தங்களைத்தான்.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. லேபிளில் எழுத்து மாற்ற ‘கேப்ஷன்’ என்று அடித்தால் கீழே நீல நிறத்தில் நெளிகோடு விழுந்தது. இப்போது அது ‘டெக்ஸ்ட்’. மெனு செய்ய கன்ட்ரோல் ஈ அழுத்தினால் திறந்த மெனு எடிட்டர் பெட்டி இல்லை. ஃபார்மின் தலையிலேயே ‘இங்கே அடி’ என்று ஓர் இடம் காட்டியது. கோட் பக்கத்தைத் திறந்தால் பிளஸ் குறி போட்ட சாம்பல் நிறப் பெட்டி ஒன்று. அதைத் தொட்டால் நாம் எழுதாத எத்தனையோ வரிகள் விரிந்தன. ஃபார்மை நாம் வரைய வரைய மென்பொருள் தானே எழுதிக்கொள்ளும் வரிகள் அவை. பழையதில் அவை கோட் பக்கத்துக்கே வராது. 2005 பதிப்பில் அவற்றைத் தனிக் கோப்புக்கு நகர்த்திவிட்டார்கள். இடைப்பட்ட அந்த இரண்டு பதிப்புகளில், அந்தப் பெட்டியைத் தெரியாமல் திறந்து வெலவெலத்துப் போகாத பிள்ளை என் வகுப்பில் இல்லை.

ஒன்று மட்டும் இருந்த இடத்தில் இருந்தது, எஃப் 5. அழுத்தினால் ப்ரோகிராம் ஓடியது. அன்று மதியம் எல்லாரையும் வெற்று ஃபார்மை வைத்து எஃப் 5 அழுத்தச் சொன்னேன். இருபது திரையிலும் ஃபார்ம் எழுந்து வந்தது. வகுப்பு மூச்சு விட்டது.

வரி வரியாக ஓட்டிப்பார்க்கும் எஃப் 8 ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு விடை ஒரு வாரம் கழித்துக் கிடைத்தது. திறந்ததும் வரும் ஸ்டார்ட் பேஜில் ‘மை ப்ரொஃபைல்’ என்று ஒரு பகுதி. அதில் ‘விஷுவல் பேசிக் டெவலப்பர்’ என்று தேர்ந்தெடுத்தால் பழைய விசைகள் அப்படியே திரும்பி வரும், ஜன்னல்களும் ஏறக்குறையப் பழைய இடங்களுக்குப் போகும். அதாவது, மென்பொருளைச் செய்தவர்களே பழைய கைகளுக்கு ஒரு வழியைத் திறந்துவைத்திருந்தார்கள். அதை வாசித்தால்தான் தெரியும். வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்குத்தான் அது அதிகம் தேவைப்பட்டது. அந்த ஒரு வாரத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. அந்த வாரத்தில் இரண்டு பேர் வகுப்புக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

புதிய மென்பொருளை நான் குறை சொல்லவில்லை. அது கொடுத்தது அதிகம். விஷுவல் பேசிக் 6-இன் கோட் ஜன்னலில் மவுஸ் சக்கரத்தை உருட்டினால் பக்கம் நகராது. அதற்கே தனியாக ஒன்றை ஏற்ற வேண்டும். ஃபார்மைப் பெரிதாக்கினால் உள்ளே இருக்கும் பெட்டிகளும் சேர்ந்து பெரிதாக வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டு வரி வரியாக எழுத வேண்டும். புதியதில் அதற்கு இரண்டே பண்புகள் போதும்: ஆங்கர், டாக். அந்த இரண்டைச் சொல்லிக்கொடுத்த நாளில்தான் என் பாடம் நடத்தும் முறையே மாறியது.

ஆங்கர் என்ற பண்பைத் தொட்டால் ஒரு சிறு படம் விரியும். நடுவில் ஒரு பெட்டி, நான்கு பக்கமும் நான்கு பட்டைகள். எந்தப் பட்டையை அழுத்துகிறோமோ அந்தப் பக்கத்தோடு பட்டனுக்குப் பிணைப்பு. இதை வழக்கம்போல “வலது பட்டையை அழுத்து, கீழ்ப் பட்டையை அழுத்து” என்று இடமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். யாருக்கும் ஏறவில்லை. அலுத்துப்போய், “ஆங்கர்னா நங்கூரம்ப்பா” என்றேன்.

தெரேஸ்புரத்துப் பையன் ஒருவன் நிமிர்ந்தான். “அப்போ ஃபார்ம் எவ்வளவு பெருசானாலும் அந்த ஓரத்துக்கும் பட்டனுக்கும் நடுவுல கயிறு நீளம் மாறாது, அதானே மிஸ்?”

அதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. ஆங்கர் என்பது அதுதான். பிணைத்த ஓரத்துக்கும் பொருளுக்கும் உள்ள தூரம் மாறாது. இரண்டு எதிர்ப்பக்கமும் பிணைத்தால், இரு கயிறும் நீள முடியாது என்பதால் பொருளே நீண்டு கொடுக்கும். அவனே அதையும் சொன்னான். அடுத்து டாக். வள்ளத்தைக் கரையோடு ஒட்டிக் கட்டுகிற மாதிரி, ஓர் ஓரம் முழுக்கப் பெட்டி ஒட்டிக்கொள்ளும். துறைமுகத்து ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு நான் மூன்று நாளாகப் பட்டை எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தேன். சொல்லைச் சொல்லியிருந்தால் முதல் நிமிடத்திலேயே முடிந்திருக்கும்.

அன்றைக்கு ஒன்றைப் புரிந்துகொண்டேன். ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளுக்கு உதவுவதாக நினைத்து, இடத்தை மட்டும் கொடுத்து, பெயரைக் கொடுக்காமலே விட்டிருக்கிறேன். இடத்தை அடுத்த பதிப்பு பிடுங்கிக்கொள்ளும், பெயர் அவ்வளவு சீக்கிரம் போகாது. போனாலும், பொருள் தெரிந்தவன் புதுப் பெயரை ஊகித்துவிடுவான். அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகையின் ஓரத்தில் ஐந்து சொற்கள் எழுதினோம். ஆங்கிலச் சொல், அது தமிழில் என்ன, அதை நம் ஊரில் எங்கே பார்த்திருக்கிறோம். ‘கம்பைல்’, ‘டீபக்’, ‘ரன்’, ‘ஸ்டெப்’, ‘பிரேக்’. ஆறு மாதத்தில் அது ஒரு தனி நோட்டாகிவிட்டது.

பிறகு வந்த மாற்றங்களில் அந்தப் பிள்ளைகள் தடுமாறவில்லை. சிலரோடு இன்னும் தொடர்பு உண்டு. 2005, 2008, 2010 என்று ஒவ்வொரு பதிப்பாக மாறிக்கொண்டு வந்தார்கள். விட்டுப்போன சில வசதிகள் திரும்பியும் வந்தன. ஓட்டத்தை நடுவில் நிறுத்தி, தவறான வரியைத் திருத்தி, அங்கிருந்தே தொடர்வது விஷுவல் பேசிக் 6-இல் அன்றாட வேலை. முதல் இரண்டு டாட் நெட் பதிப்புகளில் அது கிடையாது, 2005-இல் திரும்ப வந்தது.

2012 பதிப்பு இன்னொரு திருப்பம். மெனுவின் எழுத்தெல்லாம் பெரிய எழுத்தாகின. படங்களின் நிறம் பெரும்பாலும் வெளுத்தது. அதன் சோதனைப் பதிப்பு வந்தபோதே உலகம் முழுக்க எதிர்ப்பு எழுந்தது. மைக்ரோசாப்ட் கொஞ்சம் நிறத்தைத் திருப்பிக் கொடுத்தது, 2015 பதிப்பில் மெனுவும் வழக்கமான எழுத்துக்குத் திரும்பியது. ஆனால் அதே 2012-இல் வந்த இன்னொன்றை அந்தச் சத்தத்தில் பலர் கவனிக்கவில்லை. மேல் மூலையில் ஒரு சிறு தேடல் பெட்டி, கன்ட்ரோல் கியூ. எந்த மெனுவில் எது இருக்கிறது என்று அலைய வேண்டாம், பெயரை அடித்தால் வந்து நிற்கும். நிறம் போன அதே பதிப்பில்தான் பெயருக்கு மதிப்புக் கூடியது.

இன்றைய என் வகுப்பு அந்தப் பெட்டியிலிருந்தே தொடங்குகிறது. இப்போது நான் நடத்துவது பைத்தான், மாணவர்கள் பயன்படுத்துவது விஷுவல் ஸ்டூடியோ கோட். 2015-இல் வந்த இலவச மென்பொருள். பெயரில்தான் விஷுவல், திறந்தால் டூல்பாக்ஸ் இல்லை, ஃபார்ம் இல்லை. இடது ஓரத்தில் சில கோட்டுப் படங்கள், நடுவில் வெற்றுப் பக்கம். எதை வேண்டுமானாலும் செய்ய கன்ட்ரோல் ஷிஃப்ட் பி. மேலே ஒரு பெட்டி திறக்கும், கட்டளையின் பெயரை அடிக்க வேண்டும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தேடுவது கைவந்த வேலை. பத்து வயதிலிருந்தே ஃபோனில் தேடித்தான் பாட்டுக் கேட்கிறார்கள். புதுப்பிப்பு வந்து ஒன்று இடம் மாறினால் அவர்கள் பதறுவதில்லை. எங்கள் காலத்தில் நான்கு வருடத்துக்கு ஒருமுறை சிடியில் வந்த மாற்றம் இப்போது மாதாமாதம் தானாகவே வந்து இறங்குகிறது. எவரும் திரையை நோட்டில் வரைவதில்லை. ஃபோனில் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிக்கொள்கிறார்கள், அந்தப் படம் சில மாதத்தில் பழசாகிவிடுகிறது. இந்த விஷயத்தில் அவர்கள் என் பழைய மாணவர்களைவிடத் திடமானவர்கள்.

ஆனால் பழைய பள்ளம் வேறு இடத்தில் இருக்கிறது. போன மாதம் ஒரு மாணவி அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். கணினியில் பைத்தான் இரண்டு பதிப்புகள் இருந்தன, ஓடியது ஒன்று, அவளுக்குத் தேவை மற்றொன்று. தேடல் பெட்டியில் அவளுக்குத் தோன்றிய சொற்களையெல்லாம் அடித்துப் பார்த்திருக்கிறாள். அந்தக் கட்டளையின் பெயர் ‘பைத்தான்: செலக்ட் இன்டர்ப்ரெட்டர்’. ‘இன்டர்ப்ரெட்டர்’ என்ற சொல்லே அவள் மனதில் இல்லை. ஒருவர் பேசப் பேச உடனுக்குடன் மொழிபெயர்த்துச் சொல்கிறவர் என்றேன். பைத்தானில் நாம் எழுதும் வரிகளைக் கணினிக்கு அப்படி எடுத்துச் சொல்ல ஒருவர் இருக்கிறார், உன் கணினியில் இரண்டு பேர் இருக்கிறார்கள், யார் பேச வேண்டும் என்று நீ தேர்ந்தெடுக்கிறாய். “ஓ, ஆளை மாத்தணும்” என்றாள். முடிந்தது.

அன்று இடம் தெரிந்தால் வேலை நடந்தது, ஒரு வரியும் வாசிக்காமல் மூன்றாவது வரிசைக்குப் போய்விடலாம். இன்று பெயர் தெரியாதவளுக்கு எதிரில் வெறும் பெட்டிதான். தமிழ் வழியில் படித்து வரும் பிள்ளைக்கு அன்றைய திரை முதல் நாள் இனித்தது, மாறிய நாளில் அடித்தது. இன்றைய திரை மாறும் நாளில் அடிப்பதில்லை, முதல் நாளே கேள்வி கேட்கிறது. எது நல்லது என்று கேட்டால் இன்றையதுதான் என்பேன். சொல்லின் பொருளோடு கற்ற பிள்ளையை எந்தப் புதுப்பிப்பும் வெளியே தள்ள முடியாது. ஆனால் அந்தச் சொல்லை அவளுக்குத் தமிழில் எடுத்துச்சொல்ல வகுப்பில் ஒருவர் இருக்க வேண்டும்.

விஷுவல் பேசிக் 6-இன் எழுதுகருவிக்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2008 ஏப்ரலில் முடிந்தது. அதில் எழுதிய பில் ப்ரோகிராம்கள் ஓடுவதற்குத் தேவையானவை மட்டும் விண்டோஸோடு இன்னும் வருகின்றன. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் அப்படி ஒன்று ஓடிக்கொண்டிருப்பதை இப்போதும் பார்க்கிறேன்.

கணினி சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் வகுப்பில் திரையைக் காட்டும்போதே அதில் உள்ள பத்துச் சொற்களின் பொருளையும் தமிழில் சொல்லிவிடுங்கள். பழைய பதிப்பில் பழகிய கைகள் உங்கள் முன் உட்கார்ந்திருந்தால் இன்னொன்றையும் காட்டுங்கள்: விஷுவல் ஸ்டூடியோ 2022-இல் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், என்விரான்மென்ட், கீபோர்டு என்று போனால் ஒரு பட்டியல் விரியும். அதில் ‘விஷுவல் பேசிக் 6’ என்ற பெயர் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் எஃப் 8 பழையபடி வேலை செய்யும்.